இடப்பக்கத்து நாற்காலி

போன வாரம் மகள் போனில் உளறிக் கொட்டியதிலிருந்து நம் பல்செட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் மனைவி பிரெஞ்சு படிக்கிறாள். மகள் கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது, பொழுதுபோக்காக ஒரு பாஷை கற்றுக்கொள்கிறேன் என்றாள். சரி, படிக்கட்டும் என்று விட்டார். இப்போது அந்த வகுப்பிலிருந்து ஒரே ஓர் ஆளுக்கு, அந்த பாஷை பேசும் நாட்டுக்கே போய் மூன்று மாதம் தங்கிப் படிக்க இடம் வந்திருக்கிறது. அந்த ஒரே ஆள் இவர் மனைவி.

'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று அங்கே சொல்லிவிட்டு வந்தவள் வீட்டில் கேட்கவே இல்லை. மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்த மகள், "அம்மா இல்லாம மூணு மாசம் எப்படிப்பா சமாளிக்கப் போறீங்க?" என்று கேட்டு வைத்தாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் காத்திருக்கிறார், அவளாகச் சொல்லட்டும் என்று. காபி கொடுக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள் என்று அவள் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம். சனிக்கிழமையும் வந்துவிட்டது. அவள் வகுப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள்.

அன்று காலை அவர் தம் லேபில் ஒரு பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு ஏற்றபடி பல்லின் மேல் மாட்டும் கேப், பல்செட் எல்லாம் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் சிரிப்பில் இவர் கைவண்ணம் இருக்கிறது. ஆனால் சிரிக்கிற ஆள் யாரென்று இவருக்குத் தெரியாது. வாய்கள் பிளாஸ்டர் அச்சாக வரும். கூடவே உதட்டுக்கு நடுவில் பல் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வரும். அவ்வளவுதான் உறவு.

இன்றைய கேஸ் மேல்வரிசை முன்பல். அதற்குப் பக்கத்துப் பல் லேசாகத் திரும்பியிருக்கும். அதன் நுனியில் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த ஜோடிக்கு ஒத்துப்போகிற மாதிரி பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பூச்சு மேல் பூச்சாக வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பல்லின் மேல் அவருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. இந்த வருஷத்தில் இதைவிட நல்ல வேலை அவர் கையிலிருந்து போனதில்லை.

டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சார், அந்த முன்பல் என்னாச்சு? நேத்தே தர்றேன்னீங்க. பேஷன்ட் டெம்பரரி கேப்போட அலையறாரு."

"அந்தப் புள்ளி இதுலயும் லேசா தெரியணும் டாக்டர். இன்னொரு தடவை ஃபர்னஸ்ல வெச்சுச் சுடணும்."

"சிரிக்கறவன் வாயில யார் சார் புள்ளி தேடப் போறாங்க?"

"நான் தேடுவேன்."

"நல்லாத் தேடினீங்க! திங்கட்கிழமை கண்டிப்பா வேணும். ஒட்டற பண்டம் எதையும் திங்காதீங்க, தின்னா டெம்பரரி கையோட வந்துடும்னு மிரட்டி வெச்சிருக்கேன் அவரை."

போனை வைத்த கையோடு மகள் கூப்பிட்டாள்.

"அம்மா சொல்லிட்டாளாப்பா?"

"சொல்லல."

"நீங்களே கேட்டுடுங்களேன்."

"நான் ஏன் கேக்கணும்? போறது அவ."

"போகாதேன்னாவது சொல்லுங்க."

"அதுக்கு அவ முதல்ல போறேன்னு சொல்லணும்ல?"

மறுமுனையில் மகள் விட்ட பெருமூச்சு இவர் காதைச் சுட்டது. "ரெண்டு பேரையும் கட்டி வெச்சு உதைக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெற்ற மகளுக்கு அந்த உரிமை உண்டு என்பதால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இதுவரை அவர் பார்த்திராத கரும்பச்சை உடுப்பு. காதில் ஏதோ ஆடியது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, யாருக்கோ எதையோ ஒப்பிக்கிற மாதிரி. இவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"சட்டை மாத்திக்குங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்க வகுப்பு ஆளுங்க எல்லாரும் வெளிய போறோம்னு சொன்னேன்ல? பிஸ்ட்ரோன்னு புதுசா ஒரு பிரெஞ்சு ஓட்டல் வந்திருக்கே, அதுக்கு. நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு? எனக்கு அந்த பாஷைல தண்ணி கேக்கக்கூடத் தெரியாது."

"இன்னிக்கு அங்க ஒண்ணு சொல்லணும். அப்ப நீங்க பக்கத்துல இருக்கணும்."

ஓகோ, அப்படியா திட்டம்? நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தால் மனுஷன் வாயைத் திறக்க மாட்டான், பல்லை இளித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். இப்படி நினைத்துக்கொண்டே அவர் சட்டையை மாற்றினார். பட்டனை மாற்றிப் போட்டதை அவள்தான் சரிசெய்தாள்.

அந்த பிஸ்ட்ரோ ஒரு காலத்தில் சைக்கிள் கடையாக இருந்த இடம். பூச்சு உரித்த செங்கல் சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். அதற்கும் ஆயிரக்கணக்கில் செலவாகியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். மேஜைக்கு விரிப்புக் கிடையாது. மடியில் போட்டுக்கொள்ளக் கொடுத்த துணி, அவர்கள் வீட்டில் பாத்திரம் துடைக்கிற துணியை அச்சாக உரித்து வைத்திருந்தது. சமையல் மறைப்பில்லாமல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடந்தது. வெண்ணெய் உருகும் வாசனை தூக்கலாக வந்தது. அது மட்டும் நன்றாக இருந்தது என்பதை அவர் மனசுக்குள்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

வட்ட மேஜையைச் சுற்றி மூன்று பேர் காத்திருந்தார்கள்.

முதலில் எழுந்தவள் பூக்கடைக்காரி. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். அடுத்தவர் பஸ் டிரைவர். ஆனால் வகுப்பில் அவருக்குப் 'பைலட்' என்று பெயர். "வாங்க மாப்ளே! உங்க வீட்டம்மா எனக்குத் தங்கச்சி. அப்ப நீங்க எனக்கு மாப்ளதானே?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கேட்காமலே ஒரு மச்சான் கிடைத்தார்.

மூன்றாவது ஆள்தான் வாத்தியார். பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறவர். உயரம். அங்கங்கே நரைத்த தாடி. முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. உதட்டை மூடியபடியே புன்னகை செய்து, "உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்றார்.

உங்களைப் பற்றி நான் ஒன்றுமே கேள்விப்படவில்லையே என்று பல்செட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். அதுதான் சுருக்கென்றது. பைலட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், பூக்கடைக்காரியைப் பற்றி மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் இப்படி ஓர் ஆள் என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உட்கார்ந்தபோது அடுத்த இடி. இவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் வாத்தியார். வாத்தியாருக்கு இடப்பக்கத்தில் இவர் மனைவி. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஒரு தாடி!

"எங்க வகுப்புல ஒரு வழக்கம் இருக்குண்ணே" என்று பூக்கடைக்காரி ஆரம்பித்தாள். "அவங்கவங்களுக்கு அவங்கவங்களே சாப்பாடு சொல்லக் கூடாது. இடப்பக்கம் இருக்கற ஆளுக்கு நாமதான் சொல்லணும். அதுவும் பிரெஞ்சுல. என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு கேட்டுப் பேசிப் பழகறதுக்காக வாத்தியார் கொண்டுவந்தது. வந்ததை வேணாம்னு தள்ளக் கூடாது. பிடிக்கலைன்னா பிரெஞ்சுலதான் திட்டணும்!"

"நான் இதுவரைக்கும் திட்டக் கத்துக்கிட்டதுதான் அதிகம்" என்றார் பைலட்.

"சார் விருந்தாளி" என்றார் வாத்தியார். "மெனுவைப் பார்த்து விரலை வெச்சாப் போதும். கீழ சின்ன எழுத்துல நம்ம பாஷையிலயும் போட்டிருக்காங்க."

பல்செட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வலப்பக்கம் இருக்கும் பைலட் இவருக்குச் சொல்வார். இவர் வாத்தியாருக்குச் சொல்ல வேண்டும். வாத்தியார் யாருக்குச் சொல்வார்? இவர் மனைவிக்கு.

வாத்தியார் அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் புருவத்தைத் தூக்கி, "பூர்குவா?" என்றாள். உடனே மூன்று பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"பூர்குவான்னா 'ஏன்'னு அர்த்தம் மாப்ளே" என்றார் பைலட். "வாத்தியார் என்ன சொல்லிக் குடுத்தாலும் தங்கச்சி அதைத்தான் கேக்கும். அதனால வகுப்புல அதுக்குப் பேரே 'மேடம் பூர்குவா'தான்."

பல்செட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டை மாற்றலாம் என்றால் சரி, லேபைப் பெரிதாக்கலாம் என்றால் சரி, மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்றால் அதற்கும் சரி. அவள் வேலையும் அப்படி. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் புகார் கேட்கிற போனில் உட்கார்ந்து, நாள் பூராவும் 'மன்னிச்சுக்குங்க சார், பார்க்கறோம் சார்' என்று சொல்கிற வேலை. அங்கே சேர்த்து வைத்த கேள்வியையெல்லாம் கொண்டுவந்து இங்கேயா கொட்டுகிறாள்?

சாப்பாடு வந்தது. அவள் முன்னால் வந்த தட்டைப் பார்த்து அவர் கண் நிலைகுத்தி நின்றது. சின்னச் சின்னக் குழிக்குள் நத்தை. பூண்டும் வெண்ணெயும் கொதிக்கக் கொதிக்க.

இவள் நத்தையைக் கண்டால் அலறுகிறவள். குளியலறைச் சுவரில் ஒன்று ஊர்ந்து வந்தால் போதும், பக்கத்து வீடு வரை கேட்கும். இவர்தான் விளக்குமாற்றோடு ஓட வேண்டும். அந்தப் பெண்மணி இப்போது சின்ன முள்கரண்டியால் ஒன்றைக் குத்தி எடுத்து, வாத்தியாரைப் பார்த்து ஒரு சவால் விட்டு, லபக்கென்று போட்டுக்கொண்டாள்.

மென்றாள். யோசித்தாள். கண்ணை மூடி ஏதோ சொன்னாள்.

பைலட் தொடையைத் தட்டினார். பூக்கடைக்காரி மேஜையில் சாய்ந்துவிட்டாள். பல்செட்டுக்காரர் மனைவி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் அவர் போட்டுக் கொடுத்த கேப் பளிச்சென்று தெரிகிற அளவுக்குச் சிரித்தாள். அதைச் செய்தவரே அதைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

"என்ன சொன்னா?" என்று அவர் பைலட்டிடம் கேட்டார்.

"சொன்னா சிரிப்பு வராது மாப்ளே. அதை அந்த பாஷைலதான் கேக்கணும்."

புகைச்சல் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஏதோ கரிந்தது. தமக்காகப் பைலட் வரவழைத்த வெங்காய சூப்பை அதன் மேல் ஊற்றினார். அது இன்னும் சுட்டது.

அப்போதுதான் வாத்தியாரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதுவரை உதட்டை மூடியே சிரித்தவர் வாயைத் திறந்தார்.

பல்செட்டுக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

மேல்வரிசை. லேசாகத் திரும்பிய பல். அதன் நுனியில் குருணை அளவுக்கு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில், உயிரில்லாத வெள்ளையில், தட்டையாக ஒரு டெம்பரரி கேப்.

சந்தேகமே இல்லை. தாம் பெற்ற பிள்ளையை மறந்தாலும் மறப்பார், வாரக்கணக்கில் உருகி உருகிப் பார்த்த பல்வரிசையை மறப்பாரா? ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கடைவாயில் ஒதுக்கி இந்த ஆள் மெல்வது ஏன் என்றும் இப்போது விளங்கியது.

அப்படியானால் இந்தச் சிரிப்புக்காகவா இவர் கண் வலிக்க வலிக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்? இந்த ஆள் இன்னும் அழகாகச் சிரித்து, அதைப் பார்த்து இவர் பெண்டாட்டி இன்னும் நாலு நத்தையை விழுங்குவதற்காகவா? தாமே குனிந்து இன்னொருவனுக்கு மாலை கட்டிக் கொடுத்ததாகத்தான் அவருக்குத் தோன்றியது.

"பூர்குவா" என்று வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். இந்தத் தடவை எல்லாருக்கும் புரிகிற பாஷையில் பேசினார். "எல்லாரும் உங்க பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். இடத்தை உறுதி பண்ண இன்னிக்குத்தான் கடைசி."

"இனிப்பு வந்து காபி வரட்டும். அப்பச் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, தாடிக்கு அந்தப் பக்கமிருந்து புருஷனை எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ வெட்கம் இருந்தது. திருட்டு முழி என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மறுபடியும் மெனு வந்தது. இனிப்புக்கும் அதே வழக்கம்தான்.

பல்செட்டுக்காரர் சின்ன எழுத்தைப் படித்தார். முட்டையும் பாலும் சேர்த்த, வாயில் வைத்தால் கரைகிற ஒன்று இருந்தது. ஐஸ்கிரீம் இருந்தது. கடைசியில், 'இங்கேயே தயாரிக்கும் நூகா: தேனும் சர்க்கரையும் பாகு காய்ச்சி, பாதாம் சேர்த்து இறுக்கியது' என்று இருந்தது.

டெம்பரரி கேப்புக்கு எமன் எது என்று அந்த அறையில் வாத்தியாரைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒட்டுகிற பாகு. டாக்டர் காலையில் சொன்னது காதிலேயே இருந்தது. விரல் தானாக அங்கே போய்விட்டது என்று பிற்பாடு அவர் மகளிடம் சாதிக்கப் போகிறார். நம்ப வேண்டாம். விரலை அங்கே கொண்டுபோனவர் அவர்தான்.

"சில் வூ ப்ளே" என்றார். தயவுசெய்து என்று அர்த்தம், வீட்டில் மனைவி சொல்லிக் கொடுத்த ஒரே வார்த்தை.

எல்லாரும் கை தட்டினார்கள். அவள்தான் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினாள்.

கறுப்புக் கல்பலகை மேல் தடிதடியாக நூகா வந்து வாத்தியார் முன்னால் உட்கார்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"என்ன வாத்தியார், பிடிக்காதா?" என்று பல்செட்டுக்காரர் மனைவி கேட்டாள். "பரவால்ல, விட்டுடுங்க. அவருக்குத் தெரியாது."

அந்தக் கரிசனம்தான் எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியது.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே?" என்றார் பல்செட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. "விருந்தாளி ஆசையா சொன்னது."

"அதுவும் சரிதான்" என்றார் வாத்தியார். அவர் வைத்த சட்டம். அவரே மீறினால் எப்படி? இருக்கிறதிலேயே சின்னத் துண்டாக எடுத்து, ஜாக்கிரதையாகக் கடைவாய்க்குத் தள்ளினார். மென்றார். ஒன்றும் ஆகவில்லை. பல்செட்டுக்காரருக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்து அவருக்கே ஒரு நொடி வெட்கமாகவும் இருந்தது.

வாத்தியாருக்குத் தைரியம் வந்துவிட்டது. ருசியும் பிடித்துவிட்டதோ என்னவோ, அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாக எடுத்தார். பாகு முன்பல்லில் அப்பிக்கொண்டது. இழுத்தார். நூகா வெளியே வந்தது. கூடவே பல்லும்.

மேஜை அப்படியே உறைந்தது. வாத்தியார் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காது வரைக்கும் சிவந்துவிட்டது அவருக்கு. கம்பீரமாக உட்கார்ந்திருந்த மனுஷன், வகுப்பில் அவமானப்பட்ட பையனைப் போலச் சுருங்கிப்போனார்.

"ஐயையோ! நல்ல பல்லு போச்சே!" என்று பூக்கடைக்காரி அலறினாள். "ஒரிஜினல் பல்லா வாத்தியார்? ரத்தம் வருதா?"

இங்கேதான் பல்செட்டுக்காரர் தம் வாயாலேயே கெட்டார். தொழில்காரனுக்கு வேறு எது பொறுத்தாலும், மட்டமான ஒரு டெம்பரரியைப் போய் நல்ல பல் என்று சொன்னால் பொறுக்காது.

"இதுவா ஒரிஜினல்? இது டெம்பரரி. இதுக்கான நிஜ கேப் என் மேஜைல இருக்கு. பக்கத்துப் பல்லு திரும்பியிருக்கறதுக்கும், அந்த வெள்ளைப் புள்ளிக்கும் ஏத்த மாதிரி நான்தான் செஞ்சுட்டிருக்கேன்."

மற்றவர்களுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. "அட, உங்க கைலயா மாப்ளே வாத்தியார் பல்லு!" என்று பைலட் எழுந்தே விட்டார். "இவ்வளவு பெரிய ஊருல பாருங்களேன்!" என்று பூக்கடைக்காரி கையைக் கொட்டினாள். வாத்தியார் கையை எடுத்தார். நடுவில் ஓட்டையோடு ஒரு சிரிப்புச் சிரித்தார். "ழார், ழீங்கதானா ழந்த ஆர்ட்டிஸ்ட்? டாக்டர் ழொன்னார், உங்க கை ழங்கமான கைன்னு!" என்று காற்றுப் போகப் போகச் சொல்லி, இவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். தாடி கன்னத்தில் குத்தியது. பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்திதான்.

அவள் விழுந்த பல்லைத் துணியில் சுற்றி வாத்தியார் கையில் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கல்பலகை மேலிருந்த நூகாவைப் பார்த்தாள். மறுபடி புருஷனைப் பார்த்தாள். பல் விழுந்ததுமே வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டாரே, அப்படியானால் நூகா சொல்வதற்கு முன்பே அல்லவா இவர் புள்ளியைப் பார்த்திருக்க வேண்டும்? அவள் கணக்கு முடிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் தண்ணீர் கிளாஸை எடுத்துக்கொண்டார். அதில் தண்ணீர் இல்லை.

காபி வந்தது. அவள் எழுந்து நின்றாள். பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நீளமாக எதையோ எதிர்பார்த்தவர்களைப் போல மூவரும் நிமிர்ந்தார்கள். ஆனால் அது சின்ன வாக்கியம். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப் பிடித்தாள். பைலட் பல்செட்டுக்காரரின் முதுகில் தட்டி, "பெரிய மனசு மாப்ளே உங்களுக்கு" என்றார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் நிறுத்தத்து நிழலில் நின்ற பிறகுதான் அவள் கேட்டாள்.

"தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"எதை?"

"தானா உடைஞ்சிடுச்சு, நான் ஒண்ணுமே பண்ணலன்னு நாளெல்லாம் போன்ல பொய் கேக்கறவ நான். எங்கிட்டயே நீங்க அதைச் சொல்லாதீங்க."

அவர் எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைப் படித்தார். முழுவதும் படித்து முடித்த பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள்.

"கடைசில எழுந்து என்ன சொன்ன?"

"போறேன்னு சொன்னேன்."

அவர் குரல் எகிறியது. "வீட்ல ஒரு மனுஷன் இருக்கானே, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல உனக்கு?"

"கேக்க என்ன இருந்துச்சு? நான்தான் போகப் போறதில்லையே."

அவருக்குப் புரியவில்லை.

"போகலைன்னு சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்" என்றாள். "எங்க வீட்டுக்காரரை விட்டுட்டு மூணு மாசமெல்லாம் என்னால இருக்க முடியாதுன்னு, உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அந்த பாஷைலயே எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு ஆசைப்பட்டேன். எவ்வளவு நீளம் தெரியுமா அது? கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு மனப்பாடம் பண்ணினேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தா, பக்கத்துல இருக்கற மனுஷனைத் தலைகுனிய வெச்சுட்டு நீங்க தண்ணியில்லாத கிளாஸைக் குடிச்சுக்கிட்டிருக்கீங்க. இந்த ஆளுக்காகவா இருக்கப் போறோம்னு தோணிச்சு. போறேன்னு சொல்லிட்டேன்."

அந்த நேரத்தில் பல்செட்டுக்காரர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போகாதே என்றுகூட அல்ல. தப்புப் பண்ணிவிட்டேன் என்று. அவருக்கும் அது தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நெஞ்சுக்குள் கிடந்த அந்தக் கரி அதை முந்திக்கொண்டது.

"அந்த ஆளும் கூட வர்றானா?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். படவில்லை.

"இவ்வளவு தூரம் நான் அழாம நடந்து வந்ததே, இதை மட்டும் நீங்க கேக்க மாட்டீங்கங்கற நம்பிக்கைலதான்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. அவர் இரண்டு அடி எடுத்து வைத்த பிறகுதான் அதன் நெற்றியில் இருந்த பெயரைக் கவனித்தார். அது அவர்கள் வீட்டுக்குப் போகிற பஸ் இல்லை. மகள் வீட்டுப் பக்கம் போகிற பஸ்.

அவள் ஏறிவிட்டாள். படியில் நின்று திரும்பி, வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

இருக்கிறது என்றார்.

கதவு சாத்திக்கொண்டது.